வேகம் கூடினால் கார் நடுங்குகிறதா?

நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய கார்கள்தாம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இன்றும் ஓடும் அந்தக் கார்களில் ஒன்றுகூட பத்து வயதுக்குக் குறைந்ததல்ல.

எங்கள் வீட்டு 800-ம் அப்படித்தான். குன்றத்தூர் கடைத்தெருவில் ஒரு குறையும் தெரியாது. வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூர் பக்கம் திரும்பி 70-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறும். ஒரு பட்டறையில் என்ஜின் மவுண்ட்டை மாற்றினார்கள், உதறல் நிற்கவில்லை. கடைசியில் முன் டயரைக் கழற்றியபோது உள்பக்கச் சுவரில் எலுமிச்சை அளவு வீக்கம் இருந்தது. குடும்பத்தோடு போகும்போது அது வெடிக்காமல் இருந்தது அல்லாஹ்வின் அருள். அன்று கற்ற பாடத்தை இங்கே எழுதுகிறோம்: எதை மாற்றுவது என்று கேட்கும் முன், எப்போது நடுங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

1. நின்ற இடத்தில்: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்துங்கள். அப்போதும் நடுங்கினால் குறை என்ஜினிலோ அதன் மவுண்ட்டிலோ இருக்கும்.

2. ஓட்டத்தில்: காலியான நேர்ச்சாலையில் நடுக்கம் வரும் வேகத்தில், கிளட்சை ஓரிரு நொடி மட்டும் மிதியுங்கள். நடுக்கம் தொடர்ந்தால் சக்கரத்தைச் சந்தேகியுங்கள். நின்றுவிட்டால் என்ஜின் மவுண்ட் அல்லது ஆக்சில் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். ஓடும்போது சாவியை அணைக்கவே கூடாது. பிரேக் கடினமாகிவிடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

3. எங்கே உணர்கிறோம்: ஸ்டீயரிங்கில் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையில் என்றால் பின் சக்கரம். ஆம்னி, அம்பாசடர் போன்று பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்டும் அதன் கிராஸும் காரணமாகலாம்.

4. பிரேக் பிடித்தால் மட்டும்: அப்படியானால் பிரேக் டிஸ்க் அல்லது டிரம் சமமாக இல்லை.

5. வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம்: வளைவில் அது மாறினால் வீல் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

குறை சக்கரத்தில்தான் என்று தெரிந்தால், செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். காற்றழுத்தம் சரிபாருங்கள். ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள். நட்டுகள் இறுக்கமா என்று பாருங்கள். டயரின் இரு பக்கச் சுவர்களையும் கையால் தடவுங்கள். வீக்கம் தட்டுப்பட்டால் அந்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 1216 என்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும்.

அடுத்தது வீல் பேலன்சிங். ரிம்மில் ஒட்டியிருக்கும் சிறு ஈயத்துண்டு விழுந்துவிட்டால் என்ன ஆகும்? 800-இன் 12 அங்குலச் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 13 முறைக்கு மேல் சுழலும். 30 கிராம் வித்தியாசம் அப்போது சுமார் 3 கிலோ விசையாக ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகக் குறையும். 40-இல் தெரியாதது 80-இல் உதறுவது இதனால்தான். பேலன்சிங் மெஷினில் சக்கரம் சுழலும்போது அருகில் நின்று பாருங்கள். ரிம் பெண்ட் இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதை மட்டும் சரிசெய்தால் நடுக்கம் போகாது.

பட்டறைக்குப் போகும் முன், எந்த வேகத்தில், எங்கே, பிரேக்கிலா, ஓட்டத்திலா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக்கிற்கு அது பாதி வேலை. நமக்குத் தேவையற்ற செலவு மிச்சம்.

ஓடும்போது நடுக்கம் திடீரென்று அதிகரித்தால் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். டயரையும் நட்டுகளையும் பாருங்கள். பயணம் சற்றுத் தாமதமாகலாம். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகள் இன்ஷா அல்லாஹ் பத்திரமாக வீடு சேர வேண்டும்.