இயங்குதளத்தை மாற்றுமுன் பக்கக்குறிகளைக் காத்தல்

வங்கக் கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள், இணையத் தொடர்புக்கு நெடுங்காலம் செயற்கைக்கோள்களையே பெரிதும் நம்பியிருந்தன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் இடப்பட்ட ஒளியிழைக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம், அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தையும், சுவராஜ் தீவு, லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்த்தா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் பெருநிலத்தோடு இணைக்கின்றது. ஆயினும் தொலைவிலுள்ள குடியிருப்புகளில் மின்தடையும் தொடர்புத்தடையும் இன்றும் நேர்வதுண்டு. தொடர்பு கிடைக்கும்போது தேடிக் கண்ட பயனுள்ள முகவரிகளைக் காத்து வைப்பது, ஆகவே, இங்கு மிகவும் இன்றியமையாததாகும்.

பக்கக்குறி என்பது யாது?

நூலில் படித்த இடம் மறவாதிருக்க ஓலைத் துண்டோ கயிறோ வைப்பது பழைய வழக்கம். பிரௌசர் எனப்படும் உலாவியில் அவ்வாறு இடப்படும் அடையாளமே புக்மார்க் அல்லது பக்கக்குறி ஆகும். எனினும் இவ்விரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஓலைத் துண்டு நூலுக்குள்ளேயே இருக்கும். பக்கக்குறியோ நம் கணிப்பொறியில் இருக்க, அது சுட்டும் பக்கம் ஐதராபாத்திலோ சென்னையிலோ உள்ள வேறொரு கணிப்பொறியில் இருக்கும். நம் கணிப்பொறி அழிந்தால் பக்கம் அழியாது. அதற்குச் செல்லும் வழியே மறைந்துபோகும்.

மீன்வளக் களப்பணியாளர் ஒருவர் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும், இந்திய வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கையையும், தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல்களின் அட்டவணையையும் குறித்து வைத்திருப்பார். ஆசிரியர் ஒருவர் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களையும், திக்ஷா தளத்தின் பாடங்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் குறித்து வைத்திருப்பார். நிறுவனத்தின் முகப்பை மீண்டும் தேடிக் கண்டுவிடலாம். ஆனால், அதனுள் பல படிகள் சென்று எட்டிய தனிப்பக்கத்தையும், அவற்றைப் பாடவாரியாகவும் தீவுவாரியாகவும் தொகுத்த ஒழுங்கையும் எவரும் மீட்டுத் தர இயலாது. அது பல ஆண்டு உழைப்பின் பயன்.

இழப்பு நேரும் விதம்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. பழைய கணிப்பொறிகள் பல விண்டோஸ் 11-க்குரிய தகுதி பெறாதவை. ஆகவே அவற்றில் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நிறுவுவதும் உண்டு. எவ்வழி மேற்கொள்ளினும், வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவும்போது உலாவியின் கோப்புகளும் உடன் அழியும்.

பக்கக்குறிகள் டெஸ்க்டாப்பிலோ டாக்குமெண்ட்ஸ் உறையிலோ இருப்பதில்லை என்பதே இவ்விழப்பின் காரணம். விண்டோஸில் குரோம் உலாவி அவற்றைப் பயனரின் ஆப்டேட்டா என்னும் மறைந்த உறைக்குள், ‘புக்மார்க்ஸ்’ என்னும் கோப்பில் வைக்கின்றது. பயர்பாக்ஸ் உலாவி ‘பிளேசஸ்’ என்னும் தரவுக்கோப்பில் வைக்கின்றது. கடிதங்களையும் படங்களையும் கவனமாகப் பிரதி செய்பவர்கூட, கண்ணிற் படாத இவ்வுறையை மறந்துவிடுவது இயல்பு.

பயர்பாக்ஸ் தானாகவே பக்கக்குறிகளின் நகல்களை எடுத்து, அண்மைய 15 நகல்கள் வரை சேர்த்து வைக்கின்றது. ஆனால் அவை யாவும் அதே வட்டில் உள்ளன. வட்டு துடைக்கப்படும்போது மூலமும் 15 நகல்களும் ஒருங்கே மறையும். நகல்களின் எண்ணிக்கையன்று, அவை வைக்கப்பட்ட இடமே பாதுகாப்பை நிர்ணயிக்கின்றது.

செய்முறை

1. கணிப்பொறியை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர், எத்தனை உலாவிகள் உள்ளன என்பதைக் கணக்கிடுக. ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனி நகல் வேண்டும்.

2. உலாவியைத் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. பக்கக்குறிப் பட்டியல் தோன்றும். குரோமில் அப்பட்டியலின் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்’ என்பதைத் தேர்க. பயர்பாக்ஸில் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’ என்பதனுள் ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ் டு எச்.டி.எம்.எல்.’ என்பதைத் தேர்க.

3. கிடைக்கும் கோப்புக்குப் பயனரின் பெயர், உலாவி, நாள் ஆகியவை விளங்குமாறு பெயரிடுக.

4. அக்கோப்பைப் பென் டிரைவில் ஒரு பிரதியும், மின்னஞ்சல் வழியாகவோ வேறோர் ஊரிலுள்ள அலுவலகக் கணிப்பொறியிலோ மற்றொரு பிரதியும் வைக்குக.

5. பென் டிரைவை வேறொரு கணிப்பொறியில் செருகிக் கோப்பைத் திறந்து பார்க்க. கோப்புறைகள் யாவும் உள்ளனவா என எண்ணிச் சரிபார்க்க. இதற்கு இணையத் தொடர்பு தேவையில்லை.

6. இச்சோதனை முடிந்த பின்னரே இயங்குதளத்தை நிறுவத் தொடங்குக.

புதிய இயங்குதளத்தில் அதே பட்டியலைத் திறந்து ‘இம்போர்ட்’ என்பதைத் தேர்ந்தால் பக்கக்குறிகள் வந்து சேரும். எச்.டி.எம்.எல். வடிவம் நெட்ஸ்கேப் உலாவியின் காலத்திலிருந்து வழங்கிவரும் பொது வடிவமாதலின், குரோமில் எடுத்த நகலைப் பயர்பாக்ஸும், விண்டோஸில் எடுத்ததை லினக்ஸும் ஏற்றுக்கொள்ளும். பயர்பாக்ஸில் ‘ரிஸ்டோர்’ என்னும் வேறொரு வழியும் உண்டு. அது இருக்கும் குறிகளை நீக்கிவிட்டுப் பழையவற்றை வைக்கும். இம்போர்ட்டோ இருப்பவற்றோடு சேர்க்கும். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

கவனிக்க வேண்டியவை

கணக்கின் வழியாகக் குறிகளை ஒத்திசைக்கும் சிங்க் வசதி பயனுள்ளதேயாயினும் அது நகலுக்கு ஈடாகாது. ஓரிடத்தில் தவறுதலாக நீக்கப்பட்ட குறி மற்ற இடங்களிலும் நீங்கிவிடும். மேலும், மீண்டும் பெறுவதற்குக் கடவுச்சொல் நினைவிலும் இணையத் தொடர்பு கையிலும் இருத்தல் வேண்டும்.

எடுத்த கோப்பு எவரும் படிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பாகும். ஆதலால் பொது மேசையில் விட்டுச் செல்லலாகாது. கடவுச்சொற்கள் இக்கோப்பில் அடங்கா. அவற்றைத் தனியே காத்தல் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களை அழித்தது. ஒரே அறையில் உள்ள இரு பிரதிகள், அத்தகைய இடர் வருங்கால் ஒரு பிரதிக்கே சமம் என்பதை இத்தீவினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு பிரதியேனும் வேறு ஊரில் இருத்தல் நலம்.

இறுதியாக, பக்கக்குறி வழியைக் காட்டுமேயன்றிப் பொருளைத் தாராது. தொடர்பு அறுந்த வேளையில் எச்சரிக்கைக் கையேடு வேண்டின் குறி உதவாது. அத்தகைய பக்கங்களை முன்னரே முழுமையாக இறக்கிச் சேமித்து, பக்கக்குறிக் கோப்புடன் ஒரே உறையில் வைத்தல் தக்கது.

வகுப்பறைப் பயிற்சி

மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து பக்கக்குறிகளை இரு கோப்புறைகளில் அமைத்து, நகலெடுத்து, மூலத்தை நீக்கி, மீண்டும் வருவித்துக் காட்டுக. மீளப் பெற்ற பின்னரே தாம் எடுத்தது நகல் என்று கூற அவர்க்கு உரிமை உண்டு. களப்பணியாளரும் திங்களுக்கு ஒருமுறை இவ்வாறு நகலெடுத்து, அதனை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்ப்பாராயின், வட்டு பழுதுற்றாலும் அவர்தம் பணி தடைப்படாது.