வால்வு புதுசு, ஹெட்?

பச்சைமலையில் ஓடும் டீசல் வண்டிகளுக்கு வால்வு பெரும்பாலும் இரண்டு விதமாகப் போகிறது. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு சிமென்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாவதிலும் நெடுநேரம் முக்கி ஏறும்போது எக்ஸாஸ்ட் வால்வு சூடு தாங்காமல் எரிகிறது. மரவள்ளியும் பலாவும் ஏற்றி இறங்கும்போது நிலைமை வேறு. வேகம் கூடிய பிறகு சட்டென்று கியரைக் குறைத்தால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சுழற்சியை நிறுத்தாது. ஸ்பிரிங் ஈடுகொடுக்காமல் வால்வு மூடத் தாமதித்தால் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்தாலும் இதே கதிதான்.

எரிந்ததா, வளைந்ததா என்பதைப் பார்த்துத்தான் ஹெட்டில் எவ்வளவு வேலை செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். "புது வால்வு போட்டாச்சு, பேஸ்ட் வச்சுத் தேச்சு மாட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

தேய்ப்பது, அதாவது லேப்பிங், செலவு குறைவு. துறையூரிலேயே முடிந்துவிடும். வால்வு உட்காரும் சீட்டில் குழி இல்லை, தண்டு ஓடும் கைடில் ஆட்டம் இல்லை என்றால் அது போதும். குழியைத் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று இறங்கினால் சீட் அகலமாகும், புது வால்வின் முகத்திலும் பள்ளம் விழும். அகலமான சீட்டில் அழுத்தம் குறையும், கரி சிக்கும், மறுபடி எரியும். எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. அந்த ஒட்டுதல் சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல வால்வும் நிற்காது.

வளைந்த கேஸில் தேய்ப்பதோடு நிறுத்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடி வாங்கிய தண்டு கைடின் வாயை அகட்டியிருக்கும், சில சமயம் கைடையே விரியவைத்திருக்கும். புது வால்வைச் செருகி, கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டுக்கும் கைடுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். கைக்குத் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் கைடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இங்கே வேலையின் வரிசை முக்கியம். சீட் வெட்டும் கட்டர், கைடுக்குள் செருகிய பைலட் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது. அதனால் முதலில் கைடு, பிறகுதான் சீட் கட்டிங். சீட்டை வெட்டிவிட்டுக் கைடை மாற்றும் பட்டறையிலிருந்து ஹெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். முகம் பெரும்பாலும் 45 டிகிரி. மேலும் கீழும் வேறு கோணத்தில் வெட்டி, ஒட்டும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் கொண்டுவருவார்கள். சரியான அளவு உங்கள் இன்ஜினின் மேனுவலில் இருக்கும். நீல மை தடவி வால்வை வைத்து எடுத்தால் வளையம் அறுபடாமல் விழ வேண்டும். ஸ்பிரிங் மாட்டியபின் ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு ஓரம் கசிகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

பலமுறை சீட் வெட்டிய ஹெட்டில் வால்வு உள்ளே அமுங்கிவிடும். கம்ப்ரஷன் குறைந்து, மலையின் மார்கழிக் காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்கும். இதற்குப் புது சீட் வளையம் போடுவதுதான் வழி. ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்து இறக்குபவரிடம் கொடுங்கள். சும்மா சுத்தியலால் தட்டி ஏற்றிய வளையம் கழன்று விழுந்தால் பிஸ்டனும் போச்சு. துறையூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தாலும் அது வீண் செலவு இல்லை.

இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தால் இத்தனை வேலையும் வீண். பற்றவைத்து ஓட்டலாம் என்பார்கள்; சமவெளியில் வேண்டுமானால் யோசிக்கலாம், கொண்டை ஊசி வளைவில் சுமையோடு நிற்கும் வண்டிக்கு வேண்டாம். புது ஹெட் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் பழைய ஹெட்டையும் பார்க்கலாம். ஆனால் சுடுநீரில் வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்து காட்டாதவரை காசு கொடுக்காதீர்கள். முன்பு ஃபேசிங் செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அடிப்பரப்பை நிறையச் சீவியிருந்தால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கிவிடும், தடிமன் கூடிய கேஸ்கெட் தேட வேண்டிவரும். கேம் ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருக்கும் இன்ஜின் என்றால், ஹெட் வளைந்திருந்தால் கேமின் துளைகளும் நேர்கோடு தவறியிருக்கலாம். அடியைச் சீவினால் அது நேராகாது.

மாட்டுவதற்கு முன் வால்வு ஏன் போனது என்பதையும் தீர்த்துவிடுங்கள். எரிந்த கேஸில் டேப்பட் இடைவெளி, இன்ஜெக்டர், ரேடியேட்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். வளைந்த கேஸில் பிஸ்டன் தலையில் விழுந்த தழும்பையும் கனெக்டிங் ராடு நேராக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறியபின் டேப்பட்டை மறுபடி அளந்து சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு முழுச் சுமையோடு மலை ஏற்றுங்கள்.