தாம்பரம் நோக்கிய பயணம்

சென்னை மாநகரின் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துப் பெரும்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்து விளங்கும் அவ்வூர், முன்னாளில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. அங்கிருந்து மேடவாக்கம், செம்பாக்கம், சேலையூர் ஆகிய ஊர்களைக் கடந்து மேற்கே சென்றால் தாம்பரத்தை அடையலாம். வழி ஏழெட்டு மைலுக்கு மேற்படாது. ஆயினும், இருமி இருமிக் குருதி உமிழும் ஒருவரைக் கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி அழைத்துச் சென்ற குடும்பத்தாருக்கு அவ்வழி எத்துணை நீண்டதாகத் தோன்றியிருக்கும்! திருச்சிராப்பள்ளியிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நாளில் காசநோயை என்புருக்கி நோய் என்றும் வழங்கினர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மக்கள் அஞ்சினர். அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்பதை ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். ஆனால், காரணம் தெரிந்த பின்னரும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை மருத்துவர் அளிக்கக்கூடியவை தூய காற்று, நல்லுணவு, முழு ஓய்வு ஆகியனவே. இவற்றை ஓரிடத்தில் அமைத்துத் தருவதற்காக ஏற்பட்ட நிலையமே ‘சானடோரியம்’ என்பது.

தாம்பரத்தில் அத்தகைய நிலையத்தை 1928-ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து ஆவார். அவர் தமிழர், இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின்மீது காசநோய் நிலையம் ஒன்றை நடத்திப் புகழ் பெற்றவர். 1914-இல் கணித மேதை இராமானுஜன் சென்னையிலிருந்து கடல் கடந்து சென்றபோது, அதே கப்பலில் இவரும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து இராமானுஜன் நோயுற்றுக் கேம்பிரிட்ஜை விட்டுச் சென்று சில காலம் தங்கியது, இவருடைய மெண்டிப் நிலையத்திலேயே. கப்பலில் கண்டு பழகியவரிடமே நோயாளியாகச் சென்று சேர்வோம் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். இராமானுஜன் தாயகம் திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அவரை வருத்தியது காசநோய்தானா என்பதில் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயம் கொண்டுள்ளனர். எனினும், அவருக்கு அளிக்கப்பட்டது அந்நோய்க்கு உரிய மருத்துவமே.

தாம்பரம் நிலையம் 250 ஏக்கர் நிலத்தில், பன்னிரண்டே படுக்கைகளுடன் தொடங்கியது. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கவே, தொலைவிலிருந்து வருவோருக்கு ஓரளவு வழி எளிதாயிற்று. நிலையத்தின் பெயராலேயே ஒரு ரயில் நிறுத்தமும் ஏற்பட்டது. 1937-இல் அரசாங்கம் நிலையத்தை ஏற்றுக்கொண்டது.

நோயாளிகள் அங்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்குவதில்லை. பல மாதங்கள், சிலர் ஆண்டுக் கணக்கில் தங்கினர். காற்றோட்டமான கூடங்களில் படுத்திருந்தனர். காலையும் மாலையும் உடல் வெப்பத்தை அளந்து குறித்தனர். எடை சிறிது ஏறினால் மகிழ்ந்தனர், இறங்கினால் கலங்கினர். கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர் இங்கே ஓய்வு கொண்டிருக்க, ஊரில் அவருடைய பிள்ளைகள் அரைவயிறு உண்டனர். தாயைப் பிரிந்த குழந்தைகளின் நிலை அதனினும் கொடிது. இவ்வளவு துன்பத்தையும் ஏற்று வந்தவர்களுக்கும் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. நோயாளிகளோ இலட்சக்கணக்கில் இருந்தனர். நாடெங்கும் உள்ள படுக்கைகளைக் கூட்டினாலும் அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே போதும்.

இந்நிலையில் மருந்துகள் தோன்றின. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியாசிட் மாத்திரையும் வழக்கிற்கு வந்தன. அப்போது ஒரு வினா எழுந்தது. நோயைத் தீர்ப்பது மருந்தா, அல்லது நிலையத்தின் காற்றும் உணவும் ஓய்வுமா? மருந்தே போதுமெனில் நோயாளி வீட்டை விட்டு வரவேண்டிய தேவை யாது?

வினா எளிது, விடை காண்பது அரிது. நெருக்கமான குடிசையில் நோயாளியை இருக்கவிட்டால் மனைவி மக்களுக்கும் நோய் தொற்றும் என்று பெரும்பாலான மருத்துவர் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானதே. எனவே, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. சென்னை அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதில் ஒன்று சேர்ந்தன. இராமானுஜன் கண் மூடிய அதே சேத்துப்பட்டு இது.

சென்னை நகரின் ஏழை மக்களிடையே இருந்து 193 நோயாளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டனர். யாரை நிலையத்திற்கு அனுப்புவது, யாரை வீட்டில் வைப்பது என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. திருவுளச் சீட்டுப் போடுவதைப் போன்ற முறையில் பிரித்தனர். இருசாராரும் ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர். வீட்டில் இருந்தோர் வாரந்தோறும் வந்து மருந்து பெற்றுச் சென்றனர். அவர்கள் அதனை உண்மையில் உண்கின்றனரா என்று அறியவேண்டுமல்லவா? ஆகவே, முன்னறிவிப்பின்றி அவர்கள் வீடுகளுக்குச் சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைச் சோதித்தும் பார்த்தனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. நிலையத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும் நோய் தணிந்து நல்ல நிலையை எய்தியிருந்தனர். வீட்டில் இருந்தோர் உண்ட உணவு குறைவு. அவர்களுக்குக் கிடைத்த ஓய்வும் குறைவு. அவர்கள் உடல் எடையும் அவ்வளவாக ஏறவில்லை. இருந்தும் வேறுபாடு அவ்வளவே! ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டில் மருத்துவம் பெற்றவரின் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் புலனாயிற்று. மருந்து உண்ணத் தொடங்கியதும் நோயாளி பிறருக்கு நோயைப் பரப்பும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது. அவர் நோயறியப்படுவதற்கு முன்பே வீட்டாருக்கு நேர்ந்துவிட்ட தொற்றே பெரும்பகுதி.

இம்முடிவு சென்னையோடு நிற்கவில்லை. பல நாடுகளில் காசநோய் நிலையங்களின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மருத்துவம் நோயாளியின் வீட்டு வாயிலை நாடிச் சென்றது. பின்னர் ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகள் சேர்ந்தமையால், சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருத்துவமே போதுமானதாயிற்று.

தாம்பரம் நிலையமோ மூடப்படவில்லை. மார்பு நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனையாக அது வளர்ந்தது. எச்.ஐ.வி. கிருமியால் பற்றப்பட்டோரைத் தொடவும் பலர் தயங்கிய 1993-ஆம் ஆண்டில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அதனால், காசநோய்க்காக ஓய்ந்திருந்த நெடும்பயணம் மீண்டும் தொடங்கியது. ஆந்திர நாட்டினின்றும் தென் மாவட்டங்களினின்றும் இரவெல்லாம் பேருந்தில் வந்தவர்கள், விடியற்காலையில் அதன் வாயிலில் இறங்கினர்.

பெரும்பாக்கத்திலிருந்து புறப்படும் பேருந்து இன்றும் அதே மேடவாக்கம், செம்பாக்கம் வழியாகவே தாம்பரத்தை அடைகிறது.