செருப்புக்காகக் காலை வெட்டலாமா?



"கல்யாணத்துக்குப் போகணும், ஆனா எந்தச் சப்பாத்தும் காலுக்குச் சேரமாட்டேங்குது." மடுல்சீமை முதல் ஹப்புத்தளை வரை நம் லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெருவிரல் பக்கத்தில் எலும்பு முட்டியவர்கள், கால் ஆணி உள்ளவர்கள், பித்தவெடிப்பு உள்ளவர்கள், சீனி வியாதிக்காரர்கள் எல்லோருக்கும் இதே கவலைதான். அழகாகவும் சுகமாகவும் ஒரு சோடியை எப்படித் தெரிவு செய்வது என்பதை இந்த இதழில் படிப்போம்.

அகலமான கால் குறையா?

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைப்போம். சிறு வயது முதல் செருப்பில்லாமல் மலையேறி இறங்கியவர்களின் முன்பாதம் அகன்றிருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். சரிவில் பிடித்து நிற்க உதவும் இந்தப் பாதத்தைக் குறையென்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 2300 பிள்ளைகளின் கால்களைப் பரிசோதித்து 1992இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், செருப்பு அணிந்து பழகிய பிள்ளைகளில் 100க்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. அணியாத பிள்ளைகளில் 100க்கு 2.8 பேருக்கே அது இருந்தது. முன்பக்கம் மூடிய சப்பாத்து போட்டவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, "எங்க காலு அசிங்கமா இருக்கு" என்று வெட்கப்பட்டு ஒடுங்கிய சப்பாத்துக்குள் திணிக்க வேண்டாம்.

அப்படியானால் வெறுங்காலோடு நடக்கலாமா? அதுவும் சரியல்ல. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் போய் இரத்தத்தைக் குடிக்கும். இலங்கைத் தோட்டங்களில் அதை ஒழிக்க 1916இலேயே ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இயக்கம் தொடங்கப்பட்டது. காலில் காயமிருந்தால் எலிக்காய்ச்சல் கிருமியும் சேற்றுத் தண்ணீரிலிருந்து உள்ளே போகலாம். காலைக் காக்கவும் வேண்டும், நெருக்கவும் கூடாது.

வேலூர் தந்த பாடம்

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் போல் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிசெய்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி விழுவதாக அன்று பலரும் நம்பினார்கள். உணர்ச்சி இல்லாததால் முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை, அந்தக் காயங்களே பாதத்தைக் கெடுக்கின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கரிகிரி மருத்துவமனையில் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகள் செய்தார்கள். பாதத்தைத் தாங்க உள்ளே மெத்தை, முள் ஏறாதிருக்க அடியில் உறுதியான ரப்பர், கழன்று போகாதிருக்கப் பின்பட்டி.

செருப்பு நல்லது. ஆனால் அதைக் கண்டாலே "இவர் நோயாளி" என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் பலர் அணியாமல் விட்டார்கள். பிறகு சாதாரணச் செருப்புப் போலத் தோன்றும் மாதிரிகளைச் செய்ய வேண்டியதாயிற்று. பார்க்க நன்றாக இல்லாவிட்டால் மருந்துச் செருப்பும் மூலையில்தான் கிடக்கும். ஆகவே அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது வீண் ஆசை அல்ல.

சீனி வியாதியும் நாளடைவில் அதே போலக் கால் உணர்ச்சியைக் குறைக்கும். சிறு புண் பெருகினால் காலையே எடுக்க வேண்டி வரலாம். கால் போனால் மலைக்குப் போக முடியாது, அரைப் பேர்கூட விழாது.

வாங்கும் முறை

1. வேலை முடிந்த மாலை நேரத்தில் வாங்குங்கள். காலையில் இருப்பதைவிடக் கால் அப்போது சற்று வீங்கியிருக்கும்.

2. கடைக்குப் போகுமுன் தாளின்மேல் நின்று, இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டி எடுங்கள். அந்தத் தாளைச் செருப்பின் அடிமீது வையுங்கள். தாள் வெளியே நீட்டினால் அது உங்கள் செருப்பு அல்ல. உணர்ச்சி குறைந்தவர்கள் "கடிக்கல்லையே" என்பதை நம்பாமல் தாளையே நம்ப வேண்டும்.

3. மூடிய சப்பாத்தில் நீண்ட விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். பெரிய காலுக்கு அளவு பாருங்கள்.

4. "போடப் போடச் சரியாகிடும்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

5. முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த அடையாளம் மறையாமல் இருந்தால் அந்த இடம் அழுத்துகிறது.

எந்தக் காலுக்கு எது?

எலும்பு முட்டியவர்கள்: முட்டின் மேல் தையலோ பக்கிளோ வராத, அகன்ற மெதுவான பட்டி வைத்தது. சரிவாகக் குறுக்கே போகும் பட்டி முட்டை மறைக்கும், காலையும் ஒடுக்கமாகக் காட்டும்.

கால் ஆணி: பிளேடால் வெட்டாதீர்கள். உரசும் செருப்பை மாற்றினாலே பாதி வலி போகும்.

பித்தவெடிப்பு: யூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊவாவில் வீசும் வறண்ட காற்றில் இது கூடும். இரவில் கால் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். குதியை மூடிய செருப்பு நல்லது.

சேற்றுப்புண்: ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழைக்காலத்தில் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரச் சப்பாத்தை மறுநாளும் போடாமல் முடிந்தால் இரண்டு சோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

சீனி வியாதிக்காரர்கள்: விரலிடுக்கில் மாட்டும் 'பாட்டா' வேண்டாம். பின்பட்டியும் ஒட்டுப்பட்டியும் உள்ள, மெத்தை வைத்த செருப்பே ஏற்றது. போடுமுன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் கண்டால் அன்றே தோட்ட டிஸ்பென்சரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

விசேஷத்துக்கு உயரம் வேண்டுமென்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத, அடி முழுவதும் பரந்த குதி போதும். கறுப்பு, மண் நிறம், சேலைக் கரையின் நிறம் ஆகியவை காலைச் சிறிதாகக் காட்டும். நல்ல அடியும் கடிக்கும் பட்டியும் உள்ள செருப்பை எறிய வேண்டாம். பதுளை, பண்டாரவளை போன்ற டவுன்களில் செருப்புத் தைப்பவரிடம் பட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு "இரண்டு வருஷத்துக்கு வரட்டும்" என்று பெரிய சப்பாத்து வாங்கினால் குதி தேயும். பழசையே இழுத்துப் போடவைத்தால் விரல் மடங்கும். தவணைக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

மீட்டல்

இன்று இரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து இவற்றுக்குப் பதில் தேடுங்கள்:

1. நம் வீட்டில் யாருடைய செருப்பு அவர் காலின் தாளைவிடச் சிறியது?

2. யாருடைய காலில் வலிக்காத புண் இருக்கிறது?

3. சீனி பார்த்து எத்தனை நாள் ஆகிறது?

இரண்டாவது கேள்விக்கு யாராவது "எனக்கு" என்று சொன்னால், நாளைக் காலை மலைக்குப் போகுமுன் அவரை மருந்துக்கு அழைத்துப் போங்கள்.