பழைய கணனிக்கு வேறு புரொசசர்: காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை



2020 இல் கொரோனா காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்காகப் பாவித்த கணனி வாங்கிய குடும்பங்கள் பல. அவை இப்போது மெதுவாகிவிட்டன. "புரொசசரை மாத்தினா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் உடனே சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கேட்கும் விலையை உங்கள் நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்க. எத்தனை நாள் கொழுந்து எடுத்த காசு அது என்று தெரியும். அதன் பிறகு இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

1. குறை எங்கே இருக்கிறது?

தம்பலகாமத்து வயலுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிறது. குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் அடைத்திருந்தால் வயல் காயத்தான் செய்யும். கணனியும் அப்படித்தான். கணக்கைச் செய்வது புரொசசர். வேலை நடக்கும்போது தகவலை வைத்திருப்பது ராம். எல்லாவற்றையும் சேமித்து வைப்பது ஹார்ட் டிஸ்க்.

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பிள்ளை வழமையாகச் செய்யும் வேலையைச் செய்யவிட்டு, எது 100 வீதத்துக்கு ஏறுகிறது என்று பாருங்க. டிஸ்க் ஏறினால் எஸ்.எஸ்.டி. போட வேண்டும். ராம் 4 ஜி.பி. மட்டும் இருந்து நிரம்பினால் 8 ஜி.பி. ஆக்க வேண்டும். பழைய கணனிகளில் பெரும்பாலும் இந்த இரண்டுமே போதும். புரொசசர் மட்டும் விடாமல் 100 இல் நின்றால்தான் அதை மாற்றும் யோசனை.

2. எது பொருந்தும்?

எந்தப் புரொசசரும் எந்த மதர்போர்டிலும் உட்காராது. இன்டெல் ஐ3-2100 என்றால் கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கமான 2 தான் அதன் தலைமுறை. 2 ஆம், 3 ஆம் தலைமுறைக்கு 1155 சொக்கெட், 4 ஆம் தலைமுறைக்கு 1150, 6 ஆம், 7 ஆம் தலைமுறைக்கு 1151. 8 ஆம், 9 ஆம் தலைமுறைக்கும் 1151 என்றுதான் பெயர். ஆனாலும் அவற்றைப் பழைய 1151 போர்டுக்கென்று வாங்கக் கூடாது. இதில் ஏமாந்தவர்கள் பலர்.

ஒரு உதாரணம்: ஐ3-2100 இல் இரண்டு கோர். அதே சொக்கெட்டில் ஐ5-3470 போட்டால் நான்கு கோர். மின்சாரம் 65 வாட்டிலிருந்து 77 வாட்டாகக் கூடும். பாவித்ததாக வாங்கினால் செலவு குறையும். ஆனால் 2 ஆம் தலைமுறைக்கு வந்த போர்டில் முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். அதைப் பழைய புரொசசர் இருக்கும்போதே செய்ய வேண்டும். இடையில் கரண்ட் போனால் போர்டே பழுதாகலாம். யு.பி.எஸ். இல்லாமலும், இடி மின்னல் நேரத்திலும் தொடாதீர்கள்.

ஏ.எம்.டி. ரைசன் கணனியில் ஏ.எம்.4 சொக்கெட் இருந்தால் வழி கொஞ்சம் தாராளம். பல போர்டுகள் பயோஸ் புதுப்பித்த பின் 5000 வரிசை வரை ஏற்கும். எதுவானாலும் போர்டில் அச்சிட்ட மொடல் இலக்கத்தைக் குறித்து, அந்தக் கம்பனியின் பட்டியலில் புரொசசரின் பெயர் உண்டா என்று பார்த்த பிறகே வாங்குங்க. மடிக்கணனி பலவற்றில் புரொசசர் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அதை மாற்ற முடியாது.

3. மாற்றும் முறை

கணனியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்க. பழைய பேஸ்ட் இளகும். பிளக்கைக் கழற்றுங்க. பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னை இறக்குங்க. ஃபேனை மெல்லத் திருப்பி எடுங்க. நெம்புகோலைத் தூக்கிப் பழையதை எடுத்து, மூலையிலுள்ள முக்கோண அடையாளம் பார்த்துப் புதியதை வையுங்க. அது தானாகவே உட்கார வேண்டும். கையால் அமுக்கக் கூடாது. ஊசி ஒன்று வளைந்தாலும் கணனி ஓடாது. ஃபேனின் அடியிலுள்ள பழைய பேஸ்டையும் துடைத்து, புரொசசரின் மேல் பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து ஃபேனைப் பூட்டுங்க. ஃபேன் வயரைச் செருக மறக்க வேண்டாம்.

4. எங்கே நிறுத்துவது?

விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் பொதுவாக முடிந்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெலில் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆகவே 3 ஆம் தலைமுறைப் புரொசசர் போட்டாலும் அந்தக் கணனி விண்டோஸ் 11 க்குத் தகுதி பெறாது. அதில் லினக்ஸ் மின்ட் போன்றவற்றை இலவசமாகப் போட்டுப் பாவிக்கலாம். போர்டையும் ராமையும் சேர்த்து மாற்றச் சொன்னால் அது பழுதுபார்ப்பு அல்ல, வேறு கணனி வாங்குவது. அந்தக் காசைச் சேர்த்து வைப்பதே புத்தி.

வீட்டில் செய்து பார்க்க:

அ. உங்கள் கணனியின் புரொசசர் எத்தனையாம் தலைமுறை?
ஆ. ராம் எத்தனை ஜி.பி.?
இ. வேலை நேரத்தில் எது 100 வீதத்துக்கு ஏறுகிறது?

இந்த மூன்று பதிலையும் பிள்ளையைக் கொண்டு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. விவரம் தெரிந்து கேட்பவரிடம் வேண்டாததை விற்பது கஷ்டம்.