கண்டியும் குவிண்டாலும்

கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைத்த பருத்தி மாசி, பங்குனியில் வெடிக்கிறது. பருத்தியை எடுத்து வீடு சேர்த்த அங்கத்தினர் அடுத்துச் செய்வது விலை விசாரிப்பது. தடுமாற்றம் தொடங்குவதும் அங்கேதான். பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் கண்டி இத்தனை ஆயிரம் ரூபாய் என்று போட்டிருக்கிறது. மத்திய அரசாங்கம் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் கணக்கில் இருக்கிறது. வாசலுக்கு வரும் வியாபாரியோ கிலோவுக்கு இவ்வளவு என்று விரல் மடக்குகிறார். மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல், கடைசியில் வியாபாரி சொன்னதற்கே தலையசைத்துவிடுவோர் நம்மில் பலர். ஆகவே இம்மாதப் பாடத்தை அளவைகளைப் பற்றியதாக வைத்துக்கொண்டோம்.

கண்டி என்பது நம்முடைய பழைய சொல். தோலா மூன்று கொண்டது ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு கண்டி. இது சென்னை மாகாணத்து வாய்பாடு. இன்றைய கணக்கில் வீசை ஒன்று ஏறக்குறைய 1.4 கிலோ. சென்னை மணங்கு சுமார் 25 ராத்தல். எனவே சென்னைக் கண்டி சுமார் 500 ராத்தல். பம்பாயிலோ மணங்கு 28 ராத்தல். அங்கே இருபது மணங்குக் கண்டி 560 ராத்தல். அதே பம்பாயில் பருத்திக்கு மட்டும் 28 மணங்கை ஒரு கண்டி என்று வைத்தார்கள். அது 784 ராத்தல். வடநாட்டில் மணங்கு என்றாலே 82 ராத்தலுக்குச் சற்று மேல். இப்படிப் பெயர் ஒன்றாகவும் நிறை பலவாகவும் இருந்தது. பழைய அளவைகளைப் பழிக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது இதுதான்: வீசையிலோ மணங்கிலோ குற்றமில்லை, ஒரே பெயரை ஊருக்கொரு நிறைக்கு வழங்கியதே குற்றம். முகத்தல் அளவையிலும் இதே கதைதான். மற்றச் சீமைகளில் பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலத்தால் நெல்லைக் கணக்கிட, திருநெல்வேலிச் சீமையில் இருபத்தொரு மரக்கால் கொண்ட கோட்டையால் கணக்கிட்டார்கள். படியைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்ற வழக்கு வேறு! வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்தவர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள்.

இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே 1956-இல் நிறை அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. 1958 அக்டோபர் 1-இல் சில பகுதிகளிலும் சில தொழில்களிலும் மெட்ரிக் எடைகள் வந்தன. பின்னர் படிப்படியாக நாடு முழுவதும் பரவின. ராத்தலும் வீசையும் கடைத்தெருவை விட்டுப் போயின. ஆனால் பம்பாய்ப் பருத்திக் கண்டி மட்டும் போகவில்லை. பஞ்சு வர்த்தகம் இன்றும் அந்தக் கண்டியிலேயே விலை பேசுகிறது. 784 ராத்தலை மாற்றினால் 355.6 கிலோ. இந்த எண்ணை அங்கத்தினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முன்னாளில் பேல் என்பது 392 ராத்தல். சரியாக இரண்டு பேல் ஒரு கண்டி. பிறகு பேல் மெட்ரிக்குக்கு மாறி, இப்போது 170 கிலோ எனக் கணக்கிடப்படுகிறது. கண்டி பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பேல் ஒரு கண்டி என்று இன்றும் கணக்குப் போடுகிறவர் கண்டிக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் பிழை செய்கிறார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கண்டி விலை பஞ்சுக்கு உரியது. நாம் விற்பது விதையோடு கூடிய பருத்தி. ஆதரவு விலையும் பருத்திக்கே. 100 கிலோ பருத்தியை அரைவை ஆலையில் கொடுத்தால் எத்தனை கிலோ பஞ்சு தேறும் என்பது ரகத்தையும் நிலத்தையும் பருவத்தையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக 34 கிலோ பஞ்சு தேறுவதாகவும், பஞ்சு கண்டி 55,000 ரூபாய் விற்பதாகவும் வைத்துக்கொள்வோம். 55,000-ஐ 355.6-ஆல் வகுத்தால் பஞ்சு கிலோ ஏறக்குறைய 154 ரூபாய் 67 பைசா. அதை 34-ஆல் பெருக்கினால் 5,259 ரூபாய். இவ்வளவோடு கணக்கு முடியவில்லை. விதை இருக்கிறதல்லவா? தூசும் கழிவும் போக 64 கிலோ விதை, கிலோ 30 ரூபாய் வீதம் 1,920 ரூபாய். ஆகக் குவிண்டால் பருத்தியின் உள்ளடக்க மதிப்பு 7,179 ரூபாய். இதிலிருந்து அரைவைக் கூலி, வண்டிச் சத்தம், வியாபாரியின் நியாயமான இலாபம் ஆகியவற்றைக் கழித்தால், நமக்கு வரவேண்டிய தொகை ஏறத்தாழத் தெரிந்துவிடும். விலைகள் கற்பனைதான், வழிமுறை எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

அதே பருத்தியில் 34-க்குப் பதில் 32 கிலோ பஞ்சுதான் தேறும் என்று வாங்குகிறவர் சொன்னால் என்ன ஆகும்? பஞ்சில் 309 ரூபாய் குறையும். விதை இரண்டு கிலோ கூடுவதால் 60 ரூபாய் திரும்பும். குவிண்டாலுக்குச் சுமார் 250 ரூபாய் நஷ்டம். பத்துக் குவிண்டால் விளைத்தவருக்கு 2,500 ரூபாய். மானாவாரி விவசாயிக்கு அது அடுத்த ஆண்டு விதைச் செலவில் ஒரு பங்கு. ஆதலால் பஞ்சு விகிதத்தை வாங்குகிறவர் வாய்ச்சொல்லுக்கு விடாமல், சங்கத்தின் மூலம் மாதிரிப் பருத்தியை அரைத்துப் பார்த்து எழுதிவைப்பது நலம். தனி ஒருவர் ஒரு சிப்பத்துக்காக அரைவை ஆலைக்கு அலைய முடியாது. சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது இதற்குத்தானே!

ஈரமும் ஒரு நிறைதான். இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலைக்கு வாங்கும்போது ஈரப்பதம் நூற்றுக்கு 8 வரை முழு விலை தருகிறது. 8-க்கு மேல் 12 வரை விலையைக் குறைக்கிறது. 12-க்கு மேற்பட்டால் வாங்குவதில்லை. காலைப் பனியில் எடுத்த பருத்தியை அப்படியே அமுக்கிக் கட்டினால் எடை கூடும் என்று எண்ணுவோர், அந்த எடை தண்ணீரின் எடை என்பதையும், அதை அளக்கக் கருவி உண்டென்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது தராசு. முன்பு பருத்திச் சிப்பங்களை வெள்ளிக்கோலில் தூக்கி நிறுத்தார்கள். கோலின் குறுகிய பக்கத்தில் சுமை தொங்கும். நீண்ட பக்கத்தில் ஒரு குண்டு நகரும். சுமையின் நிறையை அதன் கை நீளத்தால் பெருக்கினால் வருவதும், குண்டின் நிறையை அதன் கை நீளத்தால் பெருக்கினால் வருவதும் சமமாகும் இடத்தில் கோல் நேராக நிற்கும். எளிய கருவி, நல்ல கருவி. ஆனால் குண்டின் நிறையில் நூற்றுக்கு ஐந்து கூடிவிட்டால், அது சுமைக்கு அருகிலேயே நின்று சமன்செய்துவிடும். 100 கிலோச் சுமை 95 கிலோ என்று காட்டும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரட்டைத் தட்டுத் தராசில் சோதனை எளிது: சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து நிறுக்க வேண்டும். கைகள் சமமெனில் நிறை மாறாது. மாறினால் தராசு கோணல்.

இப்போதுள்ள மின்னணுத் தராசுக்கு இச்சோதனை பொருந்தாது. முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துத்தான் பார்க்கவேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளின்படி மின்னணுத் தராசு ஆண்டுக்கொரு முறையும், படிக்கற்கள் இரண்டாண்டுக்கொரு முறையும் முத்திரை பெறவேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு. அத்துறை முத்திரையிடப் பயன்படுத்தும் நிலைக்கற்களை அவற்றினும் துல்லியமான கற்களோடு ஒப்பிடுகிறார்கள். அவற்றை இன்னும் துல்லியமானவற்றோடு. இந்தச் சங்கிலியின் மேல்முனை டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அங்கே 57 என்ற எண்ணுள்ள கிலோகிராம் உருளை வைக்கப்பட்டிருக்கிறது. பாரிஸ் அருகே வைக்கப்பட்ட பிளாட்டின இரிடிய உருளையே 1889 முதல் உலகத்துக்கெல்லாம் கிலோகிராமாக இருந்தது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கும் அப்பதவி இல்லை. பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. தேயாத, தொலையாத, எவரும் திருத்த முடியாத படிக்கல் என்று அதைச் சொல்லலாம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறோம். நூல் நம்பர் என்பதும் பழைய ராத்தல் கணக்கே. 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நம்பர். 40-ஆம் நம்பர் ஒற்றை நூலில் ராத்தலுக்கு 40 சிட்டம். 10 ராத்தல் கட்டில் 400 சிட்டம். 10 ராத்தல் என்பது 4.536 கிலோ. 5 கிலோக் கட்டானால் 441 சிட்டம் வரும். சிட்டம் ஒன்று 768 மீட்டர்; எனவே இரு கட்டுகளுக்கும் உள்ள வேற்றுமை 31 கிலோமீட்டர் நூல், கிட்டத்தட்டக் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போய்த் திரும்பும் தூரம். கட்டு விலையை மட்டும் கேட்டு நூல் மலிவு, கிராக்கி என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும். கட்டின் நிறையைக் கேட்டு, கிலோ விலையாக்கியே ஒப்பிட வேண்டும்.

நம்பர் சரிதானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 840 கஜச் சிட்டம் பத்து எடுத்து, கிராம் காட்டும் சிறு தராசில் நிறுங்கள். 4,536-ஐ அந்நிறையால் வகுத்தால் வருவது நம்பர். 113 கிராம் நின்றால் 40. 126 கிராம் நின்றால் அது 36-ஆம் நம்பர் நூல், மேலே ஒட்டிய சீட்டு எதைச் சொன்னாலும் சரி. ஒரு கட்டில் ஓரிடத்திலிருந்து மட்டும் எடுக்காமல் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுக்கவும். மழைநாளில் நூல் ஈரம் குடித்திருக்கும். அன்று நிறுத்தால் நம்பர் சற்றுத் தடித்துக் காட்டும்.