ராக்கெட் மோட்டாருக்கு ஓர் இருக்கை

மாதிரி ராக்கெட் விடுவது 1950களில் அமெரிக்காவில் தொடங்கிய பொழுதுபோக்கு. அந்த ராக்கெட்டுக்குள் மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு 'மோட்டார் மவுன்ட்' என்று பெயர். அட்டையை வெட்டும் முன்பே அதைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

இதற்கு உதவும் புரோகிராம் ஓப்பன்ராக்கெட். ஃபின்லாந்தின் சாம்போ நிஸ்கானென் 2009ல் தன் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும், இலவசம்.

நம் மோட்டார் சி6-5. 6 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை. கிளம்பும்போது இது இரு மடங்குக்கு மேல் எகிறும். மவுன்ட் பலவீனமாக இருந்தால் மோட்டார் ராக்கெட்டைத் துளைத்து முன்னே போய்விடும். 5 என்பது, எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் சிறு வெடிப்புக்கு முன் கழியும் விநாடிகள். பிடிப்பு தளர்ந்திருந்தால் பாராசூட்டுக்குப் பதில் மோட்டார் பின்பக்கமாக வெளியே வரும். ராக்கெட் அப்படியே தரையில் வந்து குத்தும்.

மூக்கு, உடல், துடுப்புகளை வரைந்துவிட்டீர்கள், உடல் குழாயின் உள்விட்டம் 24.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1. உடல் குழாயைத் தேர்வு செய்து 'இன்னர் ட்யூப்' பட்டனை அழுத்துங்கள். உள்விட்டம் 18, வெளிவிட்டம் 18.7, நீளம் 70 மி.மீ. எனக் கொடுத்து, குழாயின் அடிமுனையில் பொருத்துங்கள்.

2. அதே விண்டோவில் 'மோட்டார்' டேபை கிளிக் செய்து, இது மோட்டார் மவுன்ட் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். 'ஓவர்ஹேங்' 6 மி.மீ.

3. இன்னர் ட்யூபைத் தேர்வு செய்து, அதன் முன்முனையில் 6 மி.மீ. நீள 'எஞ்சின் பிளாக்' சேருங்கள். மோட்டார் முன்னே போகாமல் இதுதான் தடுக்கும். 70 மி.மீ. மோட்டாரில் 64 உள்ளே இருக்கும். 6 வெளியே தெரியும்.

4. மீண்டும் உடல் குழாயைத் தேர்வு செய்து, இரண்டு 'சென்டரிங் ரிங்' சேருங்கள். விட்டங்களுக்கு 'ஆட்டோமேட்டிக்' போதும்.

5. 'மோட்டார்ஸ் அண்ட் கான்ஃபிகரேஷன்' டேபில் சி6 மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். வால் கனமானதும் எடை மையம் பின்னுக்கு நகரும். 'ஸ்டெபிலிட்டி' 1க்குக் குறைந்தால் மூக்கில் எடை கூட்டுங்கள்.

இனி பிரின்ட். வளையங்களின் உண்மை அளவு வரைபடத்தையும் ஓப்பன்ராக்கெட்டே தரும். பிரின்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' தேர்வாகி இருந்தால் நீக்கிவிடுங்கள். பக்கம் 96 சதவீதமாகச் சுருங்கினால் 24.1 மி.மீ. வளையம் 23.1 ஆகிவிடும், குழாய்க்குள் ஆடும். தாளில் வந்ததை ஸ்கேலால் அளந்த பிறகே வெட்டுங்கள். வளையத்தின் இருபுறமும் மர வேலைப் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். விடும் முன் மோட்டார் மீது டேப் சுற்றி, இறுக்கமாகச் செருகுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மவுன்டை வீட்டில் செய்யலாம், மோட்டாரை ஒருபோதும் செய்யக்கூடாது. தொழிற்சாலையில் தயாரான, சான்று பெற்ற மோட்டார் மட்டுமே என்பது இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை விதி. மோட்டார் கையில் இல்லாவிட்டாலும் சிமுலேஷன் வசதி இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள், உங்கள் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்று தெரிந்துவிடும்.